பாட்டனார் எண்ணிய பார்கள்: முத்துக் கடலும் நம் முன்னோரும்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, பள்ளிவாசல் வரலாற்றையோ கடைத்தெரு வரலாற்றையோ எழுதத் தகுதியுள்ள பெரியவர்கள் பலர் இருக்க, கயிறும் வலைச்சாமான்களும் விற்கும் நான் எதை எழுதுவது என்று தயங்கினேன். பிறகு, என் பாட்டனார் வாயிலிருந்து சிறு வயதில் கேட்ட சில பெயர்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெயர்களைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்ததே இக்கட்டுரை.

தொள்ளாயிரம் பார், கூத்தடியார் பார், உட்டி பார், குடமுத்துப் பார். இஷா தொழுகை முடிந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தால், பாட்டனார் விரல்களை மடக்கிக்கொண்டு இப்பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஒரு விளையாட்டுப் பாட்டு. யார் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறார்கள் என்று போட்டி வைப்போம். அவை கடலுக்கு அடியில் உள்ள இடங்களின் பெயர்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பாட்டனார் கீழக்கரையில் பிறந்தவர். 1950களின் இறுதியில் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, பாகான் டாலாமில் குடியேறினார். அதற்கு முன் இரண்டு பருவங்கள் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் வள்ளத்தில் நின்று கயிறு பிடித்திருக்கிறார். மூழ்கியவர் கயிற்றை அசைத்தவுடன் மேலே இழுக்க வேண்டிய வேலை அது. ஒரு நொடி கவனம் தப்பினால் ஓர் உயிர் போய்விடும் என்பார்.

பார் என்பது என்ன?

மன்னார் வளைகுடாவின் அடிப்பரப்பில் பெரும்பகுதி மணலும் சேறுமே. அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே பாறையும் பழைய பவளமும் இறுகிய திட்டுகள் உண்டு. இவற்றைத்தான் நம் கடலோர மக்கள் பார் என்றார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. எதிர்க்கரையான இலங்கையின் மன்னார்ப் பக்கத்திலும் செவ்வல் பார், பெரிய பார், மோதரகம் பார், முத்துவாரத்துப் பார் என்று பல பார்கள் உண்டு.

முத்துச்சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் ஏறத்தாழ மூன்று வாரம் கடல்நீரில் மிதந்து திரியும். பிறகு கீழே இறங்கி, பட்டுநூல் போன்ற நாரால் கெட்டியான ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்ளும். இறங்கிய இடம் பாறையாக இருந்தால் பிழைக்கும். மணலாகவோ சேறாகவோ இருந்தால் மூடுண்டு இறந்துவிடும். ஆகவே முத்துக் கடலின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கிறது: எந்த இடம் கெட்டி, எந்த இடம் மணல்?

பாலிடெக்னிக்கில் நில அளவை டிப்ளமா படித்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை இழுத்துக்கொண்டது. நிலத்தை அளக்க எங்களுக்குக் கருவிகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத கடலடியை நம் முன்னோர் எப்படி அளந்தார்கள்?

கரையைப் பார்த்துக் கடலை அளந்தவர்கள்

பாட்டனார் சொன்ன முறை எளிது. கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவர வேண்டும். தூத்துக்குடி மாதா கோயில் கோபுரமும் ஒரு பனங்கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒரு கோடு. வேறு திசையில் திருச்செந்தூர்க் கோபுரத்தை இன்னோர் அடையாளத்தோடு பொருத்தினால் மறு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஈயக்குண்டை இறக்குவார்கள். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் மணல் ஒட்டி வந்தால் அங்கே பார் இல்லை. ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. பிறகு ஒருவர் மூழ்கிப் பார்ப்பார்.

நான் வகுப்பில் படித்த முக்கோண அளவை முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. அவர்களுடைய அளவைப் புத்தகம் தலைக்குள் இருந்தது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

இந்த அறிவைத் தொழிலாகவே கொண்டவர்கள் இருந்தார்கள். தூத்துக்குடியில் அடப்பனார் என்று அழைக்கப்பட்டவர்கள் பார்களுக்கு வழிகாட்டி, சிப்பியின் வயதையும் அளவையும் பார்த்துச் சொல்வார்கள். அரசாங்கம் ஒவ்வொரு பாரிலிருந்தும் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகே அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிக்கும்.

இரண்டாயிரம் ஆண்டு வணிகம்

பாண்டியரின் கொற்கை முத்தைப் பற்றி, செங்கடல் வழி வந்த கிரேக்க வணிகர்களின் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ் முதல் நூற்றாண்டிலேயே பேசுகிறது. குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று அது சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், கடல்மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதினார். சுறாவின் வாயைக் கட்டும் அந்தக் கடல்கட்டிகள் ஆங்கிலேயர் காலத்திலும் இருந்தார்கள். அவர்கள் வராவிட்டால் குளிப்பவர் கடலில் இறங்க மாட்டார். ஆகவே அரசாங்கமே அவர்களை அமர்த்தியது.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். காயல்பட்டினமும் கீழக்கரையும் அரபு வணிகத்தோடு பிணைந்திருந்த காலம் அது. முத்துக் கடலில் நம்மவர் குளிப்பவராகவும், வள்ளத்தின் சம்மாட்டியாகவும், முத்து வாங்கும் வணிகராகவும் மூன்று நிலைகளிலும் இருந்தார்கள்.

ஆனால் கடல் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. பரதவ மக்கள் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. 1530களில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் முத்துக் குளிப்பின்மீது ஏற்பட்ட பூசலில் போர்த்துக்கீசியர் நுழைந்தார்கள். பரதவர் அவர்களுடைய பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினார்கள். 1538இல் வேதாளைக் கடற்கரையில் மரக்காயர் படை போர்த்துக்கீசியரிடம் தோற்றது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். கொடிகள் மாறினாலும் கயிற்றின் ஒரு முனையில் பரதவரோ நம்மவரோதான் இருந்தார்கள். பழைய பூசலை இன்று நினைப்பது பகைக்காக அல்ல. ஒரே வள்ளத்தில் இரு சமூகத்தாரும் உயிரை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்துத் தொழில் செய்த நாள்களே அதிகம்.

ஒரு பேராசிரியரின் வரைபடம்

இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பிறகு தொடர்ந்து பல ஆண்டுகள் சிப்பி இல்லை. காரணம் தெரியாமல் திகைத்த இலங்கை அரசாங்கம், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை 1902இல் அழைத்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இவர்கள் கப்பலில் பார் பாராகச் சென்று ஆழம் பார்த்தார்கள், அடிமண்ணை வாரினார்கள், குளிப்பவர்களை இறக்கினார்கள். இவர்களது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. எனக்குத் தெரிந்தவரை, சிப்பி எங்கே வாழும், எங்கே வாழாது என்று அறிவியல் முறையில் மன்னார்க் கடலை வகுத்துச் சொன்ன முதல் பெருமுயற்சி இதுதான்.

அவர்கள் கண்டவற்றுள் பெரிய பாரின் கதை முக்கியமானது. அந்தப் பாரில் குஞ்சுச் சிப்பிகள் மீண்டும் மீண்டும் ஏராளமாக வந்து இறங்கும். ஆனால் குளிக்கும் வயது வருமுன் மறைந்துவிடும். திறந்த கடலின் ஓரத்தில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலக் கடல் அவற்றை ஆழத்துக்கு அடித்துச் சென்றுவிடுகிறது என்று ஹெர்ட்மேன் முடிவு செய்தார். அவருடைய யோசனை இரண்டு. ஒன்று, நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதுபோல், பெரிய பாரின் குஞ்சுகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இட வேண்டும். மற்றொன்று, கெட்டித்தரை குறைந்த இடங்களில் கல்லும் ஓடும் பரப்பிச் சிப்பி பற்றிக்கொள்ளத் தளம் அமைக்க வேண்டும். இன்று உலகெங்கும் சிப்பிப் படுகைகளை மீட்பவர்கள் செய்வது ஏறக்குறைய இதையேதான்.

1903இல் மீண்டும் குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கும் மேலான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மரிச்சுக்கட்டியில் வெறும் மணற்காடாக இருந்த இடத்தில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. கீழக்கரை, தூத்துக்குடிக் குளிப்பவர்களோடு அரபியரும் வந்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு வள்ளத்தாருக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது.

வருவாயைக் கண்ட அரசாங்கம் 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் கொடுத்தது. 1907 குளிப்போடு சிப்பி தீர்ந்தது. கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. அடுத்த குளிப்புக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வணிகன் என்ற முறையில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கே உறைத்தது. நல்ல வருடத்தின் கணக்கை வைத்து இருபது வருடத்துக்கு விலை பேசியவர்கள் அவர்கள். கடலின் கணக்குப் புத்தகத்தில் வெறும் பக்கங்களே அதிகம்.

கடைசிக் குளிப்பு

இந்தியப் பக்கத்தில், ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைமைப் பொறுப்பேற்று இந்தப் பார்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1920களின் பிற்பகுதிக்குப் பிறகு நீண்ட இடைவெளி. பின்னர் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தூத்துக்குடியில் குளிப்பு நடந்தது. என் பாட்டனார் கயிறு பிடித்தது இந்தக் குளிப்பில்தான். அதன்பின் இன்றுவரை அங்கே அப்படியொரு குளிப்பு நடக்கவில்லை.

காரணம் ஒன்றல்ல. கிளாத்தி மீனும் திருக்கையும் நட்சத்திரமீனும் சிப்பியைத் தின்னும். சூரன் என்னும் சிறு சிப்பியினம் பாய்விரித்ததுபோல் படர்ந்து முத்துச்சிப்பியை மூச்சுத் திணற வைக்கும். இவையெல்லாம் பழைய எதிரிகள். புதியவையும் வந்தன. அடிக்கடலை வாரும் இழுவைமடிப் படகுகள் பெருகின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டது. வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவினர் விட்டுவிடவில்லை. 1973இல் வேப்பலோடையில் டாக்டர் அழகர்சாமி இந்தியச் சிப்பியில் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981இல் குஞ்சுப் பொரிப்பகத்தில் சிப்பிக்குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அப்படி வளர்த்த லட்சக்கணக்கான குஞ்சுகளைப் பார்களில் விட்டார்கள். குஞ்சு உண்டாக்குவது இன்று பெரிய தடையில்லை. எந்தப் பாரில் விட்டால் நிற்கும் என்பதே இன்றும் கேள்வி. அதாவது, அடப்பனார் கேட்ட அதே கேள்வி.

நம் வாசலில் உள்ள கடல்

இது ஏதோ தாயகத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. பாகான் என்றாலே மீனவர் இறங்குதுறை. நம் வட்டாரத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் ஜூரு ஆற்று முகத்துவாரம். 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவுகளால் ஜூரு ஆறு கெட்டு, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு குலைந்தது. அவர்களுக்காகக் குரல் கொடுத்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்து 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர், அவரும் ஒரு வணிகர் என்பது நமக்குப் பெருமை. அந்த மலாய் மீனவர்கள் பிறகு ஒன்றுகூடி, சேற்றுப்படுகையில் கெராங் வளர்த்துக் கூட்டுறவாகத் தலைநிமிர்ந்தார்கள்.

இங்கேயும் இடம் அறிவதே முதல் பாடம். கெராங்குக்கு மென்சேறு வேண்டும். நம் ஊரில் திராம் என்று சொல்லும் உண்ணும் சிப்பிக்குக் கெட்டியான பிடிப்பும் ஆற்றுநீர் கலக்கும் கழிமுகமும் வேண்டும். முத்துச்சிப்பிக்கு உப்புக் குறையாத தெளிந்த கடலும் பாறையும் வேண்டும். ஒன்றின் வீடு மற்றொன்றின் கப்ரு. முக்கா ஹெட்டில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தில் திராம் குஞ்சுகளைப் பொரித்து வளர்க்கிறார்கள். பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுச் சிப்பிப் படுகைகள் ஒரு காலத்தில் 1,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையில் பரவியிருந்தன. அளவின்றி வாரியதில் அழிந்தன. பிறகு, அப்படி ஒன்று இருந்ததையே மக்கள் மறந்துபோனார்கள். பழைய உரிமச் சீட்டுகளையும் அதிகாரிகளின் குறிப்புகளையும் புரட்டிய ஆய்வாளர்கள்தாம் அதை மீண்டும் கண்டுபிடித்தார்கள். அதன்பின் 2017இல் விண்டாரா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல்லை இறக்கி, 20 ஹெக்டேர் பரப்பில் புதிய சிப்பிப் படுகையை அமைக்கத் தொடங்கினார்கள். சிப்பி அழிந்தால் திரும்ப விடலாம். இடம் மறந்துபோனால் எங்கே விடுவது?

நான் தவறவிட்டது

டிப்ளமா முடித்த வருடம், ஹெர்ட்மேன் அறிக்கையில் உள்ள வரைபடத்தின் நகல் ஒன்று எனக்குக் கிடைத்தது. செவ்வல் பார், பெரிய பார் என்று தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தன. வீட்டில் விளையாட்டுப் பாட்டாகச் சொன்ன 'பார்' என்ற சொல்லை லண்டனில் அச்சான அறிக்கையில் கண்டபோது உடல் சிலிர்த்தது. இந்தியப் பக்கத்துப் பார்களுக்கும் இப்படி ஒரு வரைபடம் வரைந்து பார்க்க ஆசைப்பட்டேன். பாட்டனாரை உட்கார வைத்து, இன்றைய கடல் வரைபடத்தில் ஒவ்வொரு பாரையும் குறிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. அடுத்த நோன்புப் பெருநாளுக்குப் பார்க்கலாம், அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். அவர் வஃபாத்தாகிவிட்டார்.

மிச்சம் இருப்பது என் நினைவில் உள்ள நான்கு பெயர்களும், வாப்பா நினைவில் உள்ள மூன்று பெயர்களும்தான். எந்தப் பனங்கூட்டம், எந்தக் கோபுரம் என்ற விவரங்களில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. நான்கு பெயர்களைத் தாளில் எழுதலாம்; வரைபடத்தில் குறிக்க முடியாது. அளவை படித்த பேரன் வீட்டிலேயே இருந்தும் அளக்க வேண்டியதை அளக்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இந்தச் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளும் ஒருவகையில் இப்படித்தான். நம் பெரியவர்கள் எந்தத் துறையில் இறங்கினார்கள், எந்த வரிசை வீட்டில் முதலில் தங்கினார்கள், கப்பல் பட்டறையிலும் துறைமுகத்திலும் யாரோடு வேலை செய்தார்கள், முதல் கடையை எங்கே திறந்தார்கள் என்பவை எல்லாம் சிலருடைய தலைக்குள் மட்டுமே உள்ளன. அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.

ஆகவே சங்க நிர்வாகத்துக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மலர் உங்கள் வீட்டுக்கு வந்ததும், வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் அருகில் ஒரு மாலை உட்காருங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். இடப்பெயர், தொழிற்பெயர், ஆள்பெயர் எதுவானாலும் அவர் சொல்லும் விதத்திலேயே எழுதி வையுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம் வழிவந்த குடும்பங்களில் முத்துக் குளிப்பையோ சங்கு குளிப்பையோ பற்றி ஒரு வரி கிடைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள். பாகான் டாலாமில் என் கடை எல்லோருக்கும் தெரியும். சேர்ந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தி, வரைபடத்தோடு சங்க நூலகத்தில் வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

முத்துக்கடலில் மீண்டும் சிப்பி வளருமா என்பதை இறைவனே அறிவான். வளர்க்க முயல்பவர்களுக்கு இடம் காட்ட, நம் வீடுகளில் இன்னும் ஓரிரு பெயர்கள் மிஞ்சியிருக்கக்கூடும். அவற்றையாவது தவறவிடாமல் இருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.